தையல்காரி வீட்டு சூப்பர்வைசர்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் உதட்டைப் பிதுக்குவார்கள். சட்டம் வீடு எது என்று கேட்டால் போதும், கையைப் பிடித்து வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். வீட்டுக்கு முன்னால் யாராவது வண்டியை நிறுத்தினால், "சட்டம்னு ஒன்னு இருக்கா இல்லையா?" என்பார். குப்பை வண்டி தாமதமாக வந்தாலும் அதே கேள்விதான். பதிலுக்கு அவர் நின்றதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

பிழைப்பு ஆடுகள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை, சுற்றிலும் இடுப்புயரச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடையோடு ஒரு சந்து. அவருடைய அப்பா காலத்தில் சந்தெல்லாம் கிடையாது, வெறும் பொட்டல். இப்போது சுவரை ஒட்டிச் சுவராக வீடுகள் வந்துவிட்டன, வீடுகளோடு நாய்களும் வந்துவிட்டன. ஆடுகளைப் பெற்ற பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்கிறார் என்று யாராவது சொன்னால் அவர் மனைவிக்குச் சிரிப்பு வரும். பெற்ற பிள்ளைகளுக்கு ஒருநாள் ஜுரம் வந்தபோது இவர் இப்படிக் கண்விழித்து உட்கார்ந்ததில்லை என்பாள்.

ஒரு சாயங்காலம் கறுப்பு ஆடு குட்டி போட்டது. மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். குட்டி சுவரோரம் குதறப்பட்டுக் கிடந்தது. கட்டியிருந்த தாய் ஆடு கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டு, கத்தக் குரல் இல்லாமல் நின்றது. சுவரில் கையூன்றிச் சந்தை எட்டிப் பார்த்தார். முனை வீட்டுத் தையல்காரியின் நாய் நாக்கைச் சுழற்றிக்கொண்டே வீடு திரும்பிக்கொண்டிருந்தது. வாயைச் சுற்றிலும் ரத்தம்.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்த நாய்க்குத் தெருவில் சூப்பர்வைசர் என்று பெயர். காலையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால், நாள் முழுக்கத் தையல் மெஷினுக்கு அடியில் படுத்து அவள் தைப்பதையே மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்கும். தையல்காரிக்குக் காது மந்தம், வீட்டில் வேறு ஆளும் இல்லை. யாராவது வந்து கேட்டில் நின்று கூப்பிட்டால் நாய்தான் எழுந்து அவள் முழங்காலை மூக்கால் முட்டும். அவள் தையலை நிறுத்திவிட்டு எழுந்து போவாள்.

சட்டம் போன நேரத்தில் அவள் வீட்டில் அளவு கொடுக்க வந்த பெண்கள் இருந்தார்கள். அது அவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

"உன் நாய் என் குட்டிய அடிச்சுக் கொன்னுடுச்சு. இதுக்கு என்ன சொல்ற?"

அவள் அவருடைய உதடுகளையே பார்த்தாள். "சத்தமா சொல்லுங்கண்ணே."

சத்தமாகச் சொன்னார். அவளிடம் நல்லது சொல்வதானாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். கெட்டதைச் சொல்லக் கேட்கவா வேண்டும்? அவர் குரல் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. கதவுகள் திறந்தன. ஆள் கூடியதும் அவருக்கு வேகம் பிடித்துவிட்டது. சோறு போட வக்கில்லாதவளுக்கு நாய் எதற்கு என்றார். காதுதான் கேட்காது, கண்ணுமா தெரியாது என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்குக் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது.

"அது அப்படிப் பண்ணாதுண்ணே" என்றாள்.

"வாயப் பாரு. ரத்தம் காயக்கூட இல்ல."

அவள் குனிந்து நாயின் வாயைப் பார்த்தாள். அந்த வாரமே அவளுடைய தம்பி பக்கத்து ஊரிலிருந்து வந்து நாயைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான்.

அதே தெருவிலிருந்த கான்ட்ராக்டர் வீட்டில் கன்றுக்குட்டி உயரத்தில் இரண்டு நாய்கள் உண்டு. அவையும் விடியற்காலையில் சந்தில்தான் திரியும். சட்டம் அங்கேயும் போனார், போகவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டுக்கு வெளியே நின்று, "கொஞ்சம் பாத்துக்குங்க சார்" என்றார். சார் மொபைலிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்றார். அன்றைக்கு சட்டம் தன்னுடைய கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்.

நாய் போனபிறகு தையல்காரி மெஷினை உள்ளறையிலிருந்து வாசலுக்கு நகர்த்திக்கொண்டாள். நாலு தையல் போடுவாள், தலையைத் தூக்கிக் கேட்டைப் பார்ப்பாள், மறுபடி நாலு தையல். வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஒருநாள் துணிப் பையோடு ஒரு பெண் கேட்டில் நின்று, அக்கா அக்கா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆள் இல்லையென்று திரும்பிப் போனாள். தையல்காரி உள்ளே அடுப்படியில் இருப்பது சன்னல் வழியாகத் தெரிந்தது. சட்டம் தழைக்கட்டோடு அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நமக்கென்ன வந்தது என்று போய்விட்டார்.

அடுத்துச் செவலை ஆடு குட்டி போட்டது. மறுநாள் காலை அதே சுவரோரம், அதே கோலத்தில், அதன் குட்டியும் கிடந்தது.

அவர் முதலில் நாய்களைத் திட்டினார், பிறகு நாய் வளர்ப்பவர்களை, பிறகு மனைவியை. மனைவி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவரை எட்டிச் சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நஞ்சுக்கொடிய எங்க போட்டீங்க?"

குட்டி விழுந்தபிறகு ஆடு தள்ளுகிற நஞ்சுக்கொடியை ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அவருக்கு மண்வெட்டியைத் தொட்டாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

"எப்பவும் போடற எடத்துலதான். சுவத்துக்கு அந்தாண்ட."

"அந்தாண்ட என்ன இருக்குன்னு வந்து பாருங்க."

பார்த்தார். சாக்கடை ஓரத்து ஈர மண் முழுக்க நாய்க் கால்தடம். சின்னது, பெரியது, நகம் பதிந்தது, வழுக்கியது. ஒரு பந்தியே நடந்து முடிந்திருந்தது. மிச்சமிருந்த ரத்தக்கறை சுவரில் ஏறி, கொட்டகைப் பக்கம் இறங்கியிருந்தது. பொட்டலாக இருந்த காலத்தில் அப்பா அப்படித்தான் வீசுவார், காக்கை தின்னும். மகன் வீடுகளுக்கு நடுவில் அதையே செய்து, ஒவ்வொரு குட்டிக்கும் தெரு நாயையெல்லாம் விருந்துக்கு அழைத்திருக்கிறார். வந்தவை பந்தி போதாமல் சுவரைத் தாண்டியிருக்கின்றன.

"அன்னைக்கும் இங்கதான் போட்டீங்களா?"

சூப்பர்வைசரின் வாயில் அன்றைக்கு இருந்த ரத்தம் எங்கிருந்து வந்திருக்கும் என்று அவருக்கு இப்போது தெரிந்தது. குட்டியைக் கொன்றது அதுவாகவே இருந்தாலும், கூப்பிட்டுப் பரிமாறியது அவர் கை. அது இல்லையென்றால், பேசத் தெரியாத ஒன்றையும் காது கேட்காத ஒருத்தியையும் பிடித்துவைத்து நியாயம் கேட்டிருக்கிறார். கண்ணுமா தெரியாது என்று கேட்டது ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பும் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு இடுப்பைப் பார்க்காமல் குழி தோண்டினார். குட்டியைப் புதைத்துவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு வந்து, வீட்டில் ஒரு பேப்பரும் பேனாவும் தேடினார்.

"எதுக்கு?" என்றாள் மனைவி.

"அவகிட்ட சொல்லணும்ல. அவளுக்குத்தான் காது கேக்காதே."

"திட்டறப்போ எழுதியா குடுத்தீங்க?"

பேனாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

தையல்காரி வாசலில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கேட்டில் நின்று கூப்பிட்டார். அவள் நிமிரவில்லை. மறுபடி கூப்பிட்டார். முட்டி எழுப்ப ஆள் இல்லை. நூல் கோத்து முடிந்து அவளாகத் தலையைத் தூக்கும்வரை நிற்க வேண்டியதாயிற்று. அவரைப் பார்த்ததும் அவள் சட்டென்று எழுந்தாள். இன்னொரு சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தாள் போல.

பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் சொன்னார். அவள் உதடுகளைப் பார்த்தாள்.

"சத்தமா சொல்லுங்கண்ணே."

எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். சட்டத்துக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

"தப்பு என்னோடதும்மா. நஞ்சுக்கொடியப் பொதைக்காம வீசிட்டேன். உன் நாய் வாயில இருந்தது அதுதான். குட்டிய அது கடிச்சத நான் பாக்கல. பாக்காமலே பேசிட்டேன்."

கதவுகள் அன்றைக்குப் போலவே திறந்தன. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை, அது சிரிப்பதைவிட மோசமாக இருந்தது.

அவள் உட்கார்ந்தாள். "அன்னைக்கு நீங்க பேசினதுல பாதி எனக்குக் கேக்கவே இல்லண்ணே. நின்னவங்க மூஞ்சியப் பாத்துதான் தெரிஞ்சுகிட்டேன்."

"நாய நானே போய்க் கூட்டிட்டு வரேன். தம்பி வீடு எங்க?"

"அங்க இல்ல. போன மறுநாளே கயித்த அறுத்துக்கிட்டு ஓடிடுச்சாம்."

"தேடுவோம். எங்க போயிடும்? நான் தேடறேம்மா."

அவள் துணியை ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தாள். அவருக்குப் போகவும் கால் வரவில்லை, நிற்கவும் முகம் இல்லை. சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

கேட்டில் யாரோ வந்து, "அக்கா" என்று கூப்பிட்டார்கள். அவள் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். மறுபடியும் கூப்பிட்டார்கள். சட்டம் கிட்டே போய், மெஷின் மேசையை விரலால் மெல்லத் தட்டினார்.

மெஷின் நின்றது. அவள் கண் சட்டென்று கீழே, மேசைக் காலடிக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அதன்பிறகுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.