ஒரு அக்காவைத் திருப்பி அனுப்பினேன்

சுவிஸின் லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் நான் சலாட் வெட்டிக்கொண்டிருந்த காலம். இரண்டாயிரங்களின் தொடக்கம். பக்கத்து மேசையில் இனிப்பு வகைகள் செய்தவள் கிழக்கு ஜெர்மனிக்காரி. இரண்டு ஜெர்மனிகளையும் பிரித்த மதில் விழுந்த பிறகு ஊரில் தொழிற்சாலைகளை மூடிவிட, வேலை தேடி இங்கே வந்தவள். அவளுடைய ஜெர்மனைக் கேட்டும் சுவிஸ்காரர் சிரிப்பார்கள், என்னுடையதைக் கேட்டும் சிரிப்பார்கள். அதனாலேயே நாங்கள் ஒட்டிக்கொண்டோம்.

ஒருநாள் இடைவேளையில் அவள் மனம்விட்டுக் கதைத்தாள். பழைய அரசின் இரகசியப் பொலிஸ் தன்னைப் பற்றி வைத்திருந்த கோப்பை விண்ணப்பித்துப் பார்த்தாளாம். இப்போது அங்கே யாரும் தங்கள் கோப்பைக் கேட்டுப் பார்க்கலாம். அவள் யாரோடு பழகினாள், எந்த வானொலி கேட்டாள் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தது சொந்த அக்கா. அதனால் அவளுக்குப் பல்கலைக்கழக இடம் கிடைக்காமல் போயிருக்கிறது. அந்த அக்கா இப்போது அவளைப் பார்க்க ரயிலில் வருகிறாளாம். பார்ப்பதா வேண்டாமா என்று என்னிடம் கேட்டாள். சுவிஸ்காரருக்கு இது விளங்காது, உனக்கு விளங்கும் என்றாள்.

விளங்கியது, தேவைக்கு மேலாகவே. எங்கள் ஊரை இராணுவம் சுற்றிவளைத்தபோது, ஆள்காட்டிக் கொடுக்கக் கொண்டுவந்த, முகத்தைச் சாக்கால் மூடிய தலையாட்டி ஒருவன் என் அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அண்ணன் திரும்பி வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காட்டிக்கொடுத்தவளோடு என்ன கதை, நானே போய்த் திருப்பி அனுப்பிவிட்டு வருகிறேன் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். பெரிய நீதவான் என்ற நினைப்பு எனக்கு.

ரயில் நிலையத்து வாங்கில், மடியில் கேக் பெட்டியோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். தங்கை வரமாட்டாள் என்றேன். அவள் அழவில்லை.

"நான்தான் எழுதினனான். சாட்டுச் சொல்ல வரேல்லை. அவளின்ர முகத்தைப் பாத்து மன்னிப்புக் கேக்கவேணும் எண்டுதான் வந்தனான். இதை மட்டும் அவளிட்டைச் சொல்லுங்கோ."

கேக்கை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

திரும்பி வந்ததும் தங்கை கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். சொன்னால் இவள் இளகிவிடுவாள் என்று பயந்தேன். என் அண்ணனுக்காக யாரும் மன்னிப்புக் கேட்டு வரவில்லை, இவளுக்கு மட்டும் ஏன் என்ற எரிச்சலும் இருந்தது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எழுதியவளும் எழுதப்பட்டவளும் நேருக்கு நேர் இருந்து கதைக்கிற அளவுக்கு அவர்களுடைய நாடு மாறியிருந்தது. நான்தான் என் ஊரின் ஆத்திரத்தை அவர்கள் தலையில் கட்டினேன்.

இரண்டு வருடத்தில் அந்த அக்கா புற்றுநோயில் இறந்துபோனாள். செத்தவீட்டுக்குப் போய்வந்த தங்கை, மா பிசைந்தபடியே சொன்னாள்:

"அவ்வளவு தூரம் வந்தவள், மன்னிச்சுக்கொள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லி விட்டிருந்தால், நான் ஏப்பிரனோடையே ஸ்ரேஷனுக்கு ஓடியிருப்பன்."

பிறகு, அன்றைக்கு அக்காவைத் தனியே காத்திருக்க விடாமல் போய்ப் பார்த்ததற்காக எனக்கு நன்றியும் சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.