கூரையிலிருந்து இரண்டு தட்டு

கோவை ஜங்ஷனில் ரயில் பெட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிற வேலை காளிச்சாமிக்கு. கிணத்துக்கடவுப் பக்கத்துக்காரர். பயந்த சுபாவம். பூனை குறுக்கே போனால், ஐயோ இந்தப் பூனைக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்படுகிற மனுஷன் என்பார் அவரோடு ஜோடியாக வேலை பார்த்த அப்துல் மஜீத்.

மஜீத் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு கூரைமேல் ஏறுவார். குந்தி உட்கார்ந்து, தொட்டியில் குழாயைச் செருகி, கூரையில் இரண்டு தட்டு தட்டுவார். கீழே காளிச்சாமி வால்வைத் திறப்பார். இரைச்சலில் யாராவது கூப்பிட்டால் மஜீத்துக்குச் சரியாகக் கேட்காது. சட்டென்று எழுந்து நின்று என்ன என்று கேட்பார். பல வருஷப் பழக்கம் அது.

தொண்ணூறுகளின் நடுவில் மின்ரயில் வரப்போகிறது என்று கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். மின்சாரம் விடாத அந்த மாதங்களில், பஸ்ஸில் பிடித்து நிற்பதுபோல மஜீத் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசுவார். காளிச்சாமி பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பிறகு இருபத்தையாயிரம் வோல்ட் விட்டார்கள். தொடக்கூட வேண்டாம், கிட்டே போனாலே இழுத்துவிடுமாம். முதல் மின்ரயிலுக்கு வாழைமரம் கட்டி, மாலை போட்டு, லட்டு கொடுத்தார்கள். ஊரே இன்ஜினைப் பார்த்தது. காளிச்சாமி மட்டும் அண்ணாந்து கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி யாரும் கூரை ஏறக்கூடாது, பக்கவாட்டுக் குழாய் வழியாகத்தான் தண்ணீர் என்று உத்தரவு வந்தது. மேட்டுப்பாளையம் பாசஞ்சருக்கு மட்டும் விலக்கு. அது நிற்கும் கடைசி நடைமேடைக்குக் கம்பி கிடையாது; அந்தப் பழைய பெட்டிகளின் பக்கவாட்டுக் குழாய்களெல்லாம் அடைத்துக் கிடந்தன. ஒரு வண்டிக்கு ஏறக்கூடாது, அடுத்த வண்டிக்கு ஏற வேண்டும். மனசு நினைவு வைத்தாலும் கால் நினைவு வைக்குமா என்று காளிச்சாமி வீட்டில் புலம்பித் தள்ளினார். ஏறுவது பாய்தானே, உங்களுக்கென்ன என்று கேட்டாள் மனைவி ராசாத்தாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை.

கடைசி நடைமேடையில் ஏதோ பழுதுவேலை நடந்த ஒரு காலை, மேட்டுப்பாளையம் வண்டியை நடுவிலிருந்த நடைமேடையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதே பழைய பெட்டிகள், அதே ஏணி. மஜீத் வழக்கம்போல ஏறிவிட்டார். வால்வில் கை வைத்துக்கொண்டு காளிச்சாமி நிமிர்ந்து பார்த்தார். வண்டிக்கு மேலே கம்பி ஓடியது.

கூரையிலிருந்து இரண்டு தட்டு கேட்டது.

கத்துவதற்கு வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். கூப்பிட்டால் எழுந்துவிடுவார். எழுந்தால் கம்பி. தண்ணீரை விடவும் பயம், மேலே தெறித்தால் என்ன ஆகும் என்று யார் கண்டது? மறுபடி இரண்டு தட்டு, இந்தத் தடவை பலமாக. மூன்றாம் தடவை தட்ட மாட்டார், எழுந்து எட்டிப் பார்ப்பார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஏணிப்பக்கமே போகாத காளிச்சாமி ஏறினார். கூரை விளிம்புக்கு மேல் தலை வந்ததும், மஜீத்தின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏதாவது ஆனால் தனக்கும் சேர்த்துத்தான் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

"எந்திரிக்காதீங்க பாய்," என்றார் மெதுவாக. "தலைக்கு மேல கரண்டு போகுதுங்க. உட்காந்த வாக்குலயே பொறத்தால வாங்க."

மஜீத் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார். குனிந்தபடியே பின்னால் நகர்ந்து ஏணிக்கு வந்தார். காளிச்சாமி அசையவில்லை.

"நீங்க எறங்குனாத்தான நான் எறங்க முடியும்?"

"கால் வரமாட்டீங்குதுங்க பாய்."

மின்கம்பிக்கு அடியில் குந்தியபடியே மஜீத், ஒவ்வொரு படியாகக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லி அவரை இறக்கினார். பின்னாலேயே தானும் இறங்கினார். கீழே இருந்தே ஒரு குரல் கொடுத்திருக்கலாமே, நீங்கள் எதற்கு ஏறினீர்கள் என்று மஜீத் கேட்டார்.

"கூப்புட்டா எந்திரிச்சிருப்பீங்களேங்க."

மஜீத் நடைமேடையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.