ராணிக்குப் போட்ட பிளீச்சிங்

வீரபாண்டியில் பிளீச்சிங் பட்டறை வைத்திருக்கும் மகுடேஸ்வரனுக்கு உலகத்தில் இரண்டே நிறம்தான். ஒன்று வெள்ளை, மற்றது இன்னும் வெளுக்காதது. கல்யாணத்துக்குப் போனால்கூட மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டார். வேட்டியைப் பார்த்து, "ஷேடு அடிக்குதுங்க, வெளுப்புப் பத்தலைங்க" என்று பக்கத்து ஆளிடம் சொல்லுவார். அப்பேர்ப்பட்ட மேதை.

அவர் மனைவி மயிலாளிடம் ஐந்து வெள்ளி ரூபாய்கள் இருந்தன. விக்டோரியா ராணி தலை போட்டவை, அவளுடைய அம்மா சாகும்போது கையில் கொடுத்தவை. இத்தனை வருஷமும் அவற்றைத் தொடாதவள், இந்தத் தை மாசம் வாயைத் திறந்தாள்.

"இத வித்துப்போட்டு ஒரு ஓவர்லாக் தையல் மெஷின் வாங்கலாம்னு இருக்கறனுங்க. யாருகிட்டயும் கை நீட்டாம, எம்பட பேருல."

மகுடேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நல்ல மனுஷன். கோயம்புத்தூரில் பழங்காசு வாங்கும் நஞ்சப்பன் கடைக்குக் கூட்டிப்போக ஒப்புக்கொண்டார். காசுகளைக் கையில் வாங்கிப் பார்த்ததும்தான் மனசு பொறுக்கவில்லை. அத்தனையும் கன்னங்கரேலென்று கிடந்தன. இப்படியே கொண்டுபோனால் அவர் மானம் என்னாவது? சரக்கை வெளுக்காமல், வாங்க வரும் பையருக்குக் காட்டுகிற வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது. மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்பாரா! பட்டறைக்குக் கொண்டுபோய் ஆசிட்டில் முக்கியெடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய் தேயென்று தேய்த்தார். கருப்போடு சேர்ந்து ராணியின் மூக்கும் கொஞ்சம் போனது. போனால் போகிறது, பளபளவென்று ஆகிவிட்டாளே!

கடையில் மெஷின் வாங்கத்தான் விற்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டு, நஞ்சப்பன் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"யாருங்க இதக் கழுவுனது?"

"நாந்தானுங்க" என்றார் மகுடேஸ்வரன், பாராட்டை வாங்கிக்கொள்ள நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

"அடப் பாவமே! இதுல ரெண்டு காசு லேசுல கெடைக்காத வருஷமுங்க. கருப்பாவே கொண்டாந்திருந்தா, சேத்து வெக்கறவங்க போட்டி போட்டு வாங்கியிருப்பாங்க. அந்த ரெண்டுக்கே உங்க மெஷின் வந்திருக்கும். தேச்ச காச அவங்க தொடக்கூட மாட்டாங்க. இனி இது வெறும் வெள்ளிதானுங்க."

"கருப்புக்கா காசு குடுக்கறாங்க?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அவர் தராசை எடுத்தார். எடைக்குப் போட்டால் மெஷினில் கால்வாசிகூடத் தேறாது. மயிலாள் காசுகளை வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

திரும்பும்போது காரில் அவள் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தாலாவது அவருக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். பல்லடம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்.

"உடு மயிலா. நாளைக்கே புது மெஷினா நானே வாங்கித் தர்றேன். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு..."

"நீங்க வாங்கித் தர்ற மெஷினு போதும்னா, எங்கம்மா காச நான் ஏனுங்க வெளிய எடுக்கறேன்?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்க்கவே மகுடேஸ்வரனுக்கு வெட்கமாக இருந்தது.