வெள்ளைச் சிறகு, கறுப்புச் சிறகு, ஒரு மோட்டார்

இங்கிலீஷ் படத்துக்கு மைக்கில் தமிழ் சொல்கிறவனுக்குப் பாதிப் படம் புரியாது, ஆனால் முழுப் படத்துக்கும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். வாத்தியார் குரலில் "உட்காருங்கடா" சொல்லி அடி வாங்கியவர்களுக்கு என் பாடு விளங்கும். ஊரில் எவர் தொண்டையும் என் தொண்டைக்குள் வரும். ஓடைப்பட்டிப் பக்கத்துக் கீற்றுக் கொட்டகையில் பதினேழு வயதில் வேலை கிடைக்க அந்த ஒரு தகுதி போதுமானதாக இருந்தது.

முதல் பாகம் எங்கே?

வந்தது ஒரு பேய்ப் படம். தேவதூதர்களே இரு கட்சியாகப் பிரிந்து வெட்டிக்கொள்ளும் கதை, அதிலும் இரண்டாம் பாகம். முதல் பாகம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. எதற்குச் சண்டை என்று முதலாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "வானத்தில் ஒரு மனத்தாங்கல்" என்று ஒப்பேற்றினேன். இடைவேளையில் உத்தமபாளையத்து அத்தர்க்கடை பாய் என் தோளைத் தொட்டார். "மலக்குமார்க, அல்லாவோட தூதருக, சும்மா கோவப்படுவாகளா தம்பி? காரணத்தச் சொல்லு. அது தெரியாம ஒழுங்காப் பயப்பட முடியல."

இடுப்பில் கயிறு

மலிவான படம். சிறகிலிருந்து பஞ்சு உதிரும். தூதர் இறங்கும்போது இடுப்புக் கயிறு பளிச்சென்று தெரியும். கேலி செய்ய எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் பெண்கள் உட்காரும் பகுதியில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு முக்காடு போட்டிருந்தார்கள். ஒருவர் சூடம் ஏற்ற, கீற்று பற்றிவிடும் என்று ஆபரேட்டர் ஓடிவந்து அணைத்தார். நான் மைக்கை வாயருகே கொண்டுபோனபோது, கூடலூரிலிருந்து வந்திருந்த ஏலத்தோட்டக்காரர் பக்கத்து ஆளிடம் மெல்லச் சொன்னார். "அம்புட்டு உசரத்துல இருந்து வர்றாக. கயிறு இல்லாம எப்பிடி இறங்குவாக?"

காரணம் கிடைத்தது

கொட்டகை வாசலில் பருத்திப்பால் விற்கும் அன்னத்தாய் அக்காவுக்கு இரண்டு மகன்கள், பாண்டியும் செல்வமும். இருவரின் திராட்சைத் தோட்டத்துக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். இன்றைக்கு யார் முறை என்பதில் தொடங்கிய தகராறு, பேச்சு முறிந்து அரிவாள் வரைக்கும் போயிருந்தது. எனக்கு வேறென்ன காரணம் வேண்டும்? மறுநாள் வெள்ளைச் சிறகுக்குப் பாண்டியண்ணனின் கரகரப்பு, கறுப்புச் சிறகுக்குச் செல்வண்ணனின் மூக்குக் குரல். "நேத்தே உன் முறை முடிஞ்சு போச்சுடா!" கொட்டகை அதிர்ந்தது.

சேதி பரவி, அடுத்த நாள் அண்ணன் தம்பி இருவருமே வந்துவிட்டார்கள். மணலில் ஒருவர் இந்த ஓரம், ஒருவர் அந்த ஓரம். இருவர் மடியிலும் துண்டுக்குள் ஏதோ நீளமாக இருந்தது. அன்னத்தாய் அக்கா ஆப்பையைக் கையில் பிடித்தபடியே என்னிடம் ஓடிவந்தார். "கடைசியில கறுப்புச் சிறகு சாகுதாம்ல. ஏலே ராசா, எஞ் சின்னவன் குரல்ல அது சாக வேணாம்டா."

கடைசி ரீல்

ரீல் நான் சொல்லி நிற்குமா? வெள்ளைச் சிறகு, கீழே கிடந்த கறுப்புச் சிறகின் நெஞ்சுக்குள் கையை விட்டது. அது இதயத்தைப் பிடுங்கும் கட்டம். வலது ஓரத்தில் செல்வண்ணன் எழுந்துவிட்டார். என் தொண்டையில் பாண்டியண்ணன் குரல் தானாக வந்தது. "அசையாதடா தம்பி. உள்ள கெடக்குற வெசத்தத்தான் எடுக்குறேன். வலிக்கும், பொறுத்துக்க." கறுப்புச் சிறகு வாயசைத்தது. "எடுண்ணே. நீ எடுத்தா வலிக்காது."

திரை முழுக்கச் செக்கச் செவேல். இரண்டு குரலும் என் தொண்டைதான். ஆனாலும் யாரோ இருவர் பேச, நான் மைக்கை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றதுபோல எனக்கே மயிர் கூச்செறிந்தது. விளக்குப் போட்டபோது பாண்டியண்ணன் துண்டை அங்கேயே விட்டுவிட்டு மணலைத் தாண்டி நடந்தார். தம்பியைப் பார்க்காமல், வெறும் திரையைப் பார்த்தபடி சொன்னார். "நாளைக்கு மோட்டார நீயே போட்டுக்கடா."

மூன்றாம் பாகம் வந்துவிட்டால்தான் எனக்குத் திண்டாட்டம், அடித்துக்கொள்ள இப்போது எங்கள் ஊரில் ஆளில்லை.