ஐயாவின் போல்டரில் மாமா

இன்றைக்கும் இணையத்தில் ஒரு படத்தை இறக்கும்போது, அது எங்கே போய் விழப்போகிறது என்று இரண்டு தரம் பார்க்காமல் என் விரல் அமத்தாது. படத்தை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்கும்படி பிரவுசரை மாற்றி வைத்திருக்கிறேன். "எல்லாம் தானா ஒரு இடத்துக்குப் போகும்தானே அம்மா, உங்களுக்கு ஏன் இந்தப் பாடு?" என்று மகன் சிரிக்கிறான். அவனுக்கு நான் காரணம் சொல்லவில்லை. இது பயத்தில் பிடித்த பழக்கம்.

பிடித்தது வவுனியாவில், எனக்குப் பத்துப் பதினொரு வயதில். முள்ளியவளையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து சித்தப்பா வீட்டில் இருந்தோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் கொமினிகேசன் கடை வைத்திருந்தார். வெளிநாட்டுக்கு டெலிபோன் எடுக்க இரண்டு கண்ணாடிக் கூடுகள், அவற்றுக்குப் பின்னால் துணி போர்த்திய ஒரு கொம்பியூட்டர். மவுஸ் சித்தப்பாவின் சொல் கேட்காது, என் சொல் கேட்கும். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே நான்தான் பெரிய ஆள்.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. யாருடைய படமும் கொம்பியூட்டருக்குள் தங்கக் கூடாது. படம் இறக்கும்போது, எங்கே வைப்பது என்று கேட்டு ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அது எப்போதும் கடைசியாகப் படம் வைத்த இடத்தையே காட்டும், அதாவது நமக்கு முன்னால் இருந்து எழும்பிப் போனவரின் இடத்தை. அதை, கையோடு கொண்டுபோகும் பிளொப்பித் தட்டுக்கு மாற்றிய பிறகுதான் அமத்த வேண்டும். சுற்றிவளைத்துச் சோதனை போட வரும் ஆமிக்காரர் என்ன தேடுகிறார்கள் என்பது கண்டெடுத்த பிறகுதான் அவர்களுக்கே தெரியும் என்பார் சித்தப்பா.

சட்டத்துக்கு விலக்கு ஒருவருக்கு மட்டும் இருந்தது. இராணுவ முகாமிலிருந்து வரும் ஆமி ஐயா. தெற்கிலிருந்து அவருடைய மகளின் படங்கள் மின்னஞ்சலில் வரும். அவற்றைச் சேர்த்து வைக்க அவருக்கென்று தனிப் போல்டர். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மாமா, அம்மாவின் ஒரே தம்பி, ஆமியோடு சண்டை பிடித்த இயக்கத்தின் கையிலிருந்த முள்ளியவளையிலேயே தங்கிவிட்டார். அங்கே டெலிபோன் கிடையாது. எல்லை தாண்ட அனுமதிப் பாஸ் எடுத்து வந்த ஊராள் ஒருவர், வயலில் மாமாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். என்னைக் கண்டதும் இருவரும் கதையை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு கனடாவிலிருந்து பெரியம்மா கதைத்தார். ஊரில் நிவாரணம் கொடுக்கும் படமொன்று இணையத்தில் வந்திருக்கிறதாம், அதில் தம்பியைப் போல ஒருவர் நிற்கிறாராம். பெரியம்மாவும் படத்தைப் பார்க்கவில்லை, வேலையிடத்தில் யாரோ சொன்ன கதைதான்.

அந்தப் பக்கம் இயக்கத்தினுடையது, ஆமி இருக்கும் வவுனியாவில் அதைத் திறப்பதே வினை. சித்தப்பா ஒரேயடியாக மறுத்தார். அம்மா கெஞ்சவில்லை. கடைக்கு வந்து கதிரையில் இருந்தவர் எழும்பவே இல்லை. மத்தியானம் ஐயா வந்து, மகளின் புதுப் படங்களைப் போல்டரில் வைத்துவிட்டுப் போன பிறகு சித்தப்பா இளகினார். வாசலில் நின்று றோட்டைப் பார்த்தபடி, "கெதியா! பிளொப்பியில போட்டிட்டு மூடு. பாக்கிறதைப் பிறகு ஆறுதலாப் பாக்கலாம்" என்றார்.

படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. தகரக் கூரை வந்தது. தலைகள் வந்தன. பிறகு ஒரு நெற்றி, தாடி.

"இவன்தான். என்ர தம்பி" என்று அம்மா திரையைத் தொட்டார்.

மாமா தோளில் மா மூட்டை வைத்திருந்தார். பக்கத்தில் இயக்கத்தின் சீருடை போட்ட ஒருவர் நின்றார். இப்படி ஒரு படம் வைத்திருந்தாலே ஆமிக்காரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது எனக்கும் தெரியும். திரையில் மாமா இடுப்பு வரைதான் தெரிந்தார், மீதி கீழே இருந்தது.

"கீழ இழு பிள்ளை" என்றார் அம்மா.

"சேவ் பண்ணு!" என்று வாசலிலிருந்து சித்தப்பா பல்லைக் கடித்தார். நான் அமத்திவிட்டுப் பக்கத்தை மூடினேன்.

படம் போகும்போது பிளொப்பி கர்ரென்று சத்தம் போடும். பச்சை வெளிச்சம் மின்னும். சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அவசரத்தில் இடத்தை மாற்ற மறந்திருந்தேன். மாமா நேராக ஐயாவின் போல்டருக்குள் போய்விட்டார்.

சொல்ல வாயெடுப்பதற்குள் மோட்டார் சைக்கிள் ஒன்று வாசலில் நின்றது. ஐயா. கையில் புதுப் பிளொப்பிகள். தங்கச்சி என்பதை அவர் தன் மொழியில்தான் சொல்வார். "நங்கி, நம்ம போட்டோ எல்லாம் இதுக்குப் போடுங்க" என்று என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார்.

போல்டரைத் திறக்காமல் இருக்க முடியாது. திறந்தேன். நல்லவேளை, படங்கள் தெரியவில்லை, பெயர்கள்தான் தெரிந்தன. மகளின் பெயர் வரிசையாக இருந்தது. அதன் கீழே வேறொரு பெயர். ஐயா அதில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

சித்தப்பா வாசலில் மரம்போல நின்றார். அம்மாதான் என் பின்னால் நின்று பேசினார்.

"அது பழுதாப்போன படம், ஐயா. திறக்காது. அழிச்சுப்போடு பிள்ளை."

நிச்சயமாகத்தானா என்று கொம்பியூட்டர் கேட்டது. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். அமத்தினேன்.

ஐயா சந்தோஷமாக மகளின் படமொன்றைத் திறந்து அம்மாவுக்குக் காட்டினார். "வடிவான பிள்ளை" என்றார் அம்மா. குரல் நடுங்கவே இல்லை.

மோட்டார் சைக்கிளின் சத்தம் மறைந்ததும் சித்தப்பா ஓடிவந்தார். அழித்தவை உடனே போய்விடுவதில்லை, கொம்பியூட்டருக்குள்ளேயே ஒரு குப்பைக் கூடையில் கிடக்கும். அவர் என்னைத் தள்ளிவிட்டு அந்தக் கூடையைத் திறந்தார்.

"பொறுங்கோ, கீழ்ப்பக்கத்தை ஒருக்கா..." என்று அம்மா கிட்ட வந்தார்.

அதற்குள் கூடை வெறுமையாகிவிட்டது. அந்தப் பக்கத்தை இனிக் கனவிலும் திறக்கக் கூடாது என்றார் சித்தப்பா. பல நாள் கழித்து நான் களவாகத் திறந்தபோது அங்கே வேறு படங்கள் இருந்தன.

அன்று பின்னேரம், எல்லோரையும் காப்பாற்றிய பெருமையில் நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அம்மா மெதுவாகக் கேட்டார்.

"நீ கீழ இழுத்துப் பாக்கேல்லை, என்ன?"

"இல்லையம்மா."

கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி கேட்டார்.

"ரண்டு காலிலயும் செருப்புப் போட்டிருந்தவனோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. காணாமல் இருந்த மாமாவே கிடைத்துவிட்டார், இந்த அம்மாவுக்குச் செருப்புக் கவலை. "ஆரும் பாஸ் எடுத்துப் போகேக்க புதுச் செருப்பு ஒரு சோடி குடுத்துவிடுவம் அம்மா" என்றேன். அம்மா என் கையை நோகும்படி இறுக்கிப் பிடித்தார். அந்த ஊராள் சொன்ன வயல் கதையில் மிதிவெடி என்றொரு சொல் இருந்ததை எனக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை.