தட்டைத்தலைக் குண்டுகளுக்கு நடுவே

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "குண்டு விற்கிறேன்" என்று சொன்னால் அவர் கொஞ்சம் தள்ளி உட்காருகிற தொழில் என்னுடையது.

பயப்பட ஒன்றுமில்லை. படூரில் ஒரு மாடியில் ஏர் ரைபிள் பயிற்சிக்கூடம். பத்து மீட்டரில் காகித இலக்கு, கவுன்டரில் நான். எங்கள் குண்டு ஈயத்தில் செய்தது, மிளகு அளவு, உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கியிருக்கும். பின்னால் விரிந்திருக்கும் பகுதிக்குப் பாவாடை என்று பெயர். என் ஜன்னலில் முட்டுக்காட்டுப் பக்கத்துத் தண்ணீர் ஒரு கீற்றாகத் தெரியும். மத்தியானத்தில் அதைப் பார்த்தபடி உட்கார்ந்தால் நான் எங்கேயோ போய்விடுவேன். கவுன்டருக்குப் பின்னால் காலம் தள்ளும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் இப்படி ஒரு ஜன்னல் வாய்த்திருக்கும் என்று நம்புகிறேன்.

கூர் மேல் ஆசை

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கூர்த்தலைக் குண்டைத்தான் கேட்பார்கள். படகு ஓட்டுகிற ஒருவர் வந்தார். தட்டைத்தலையை எடுத்து நீட்டினேன். "இன்னா பாய், ஆணியோட தலையாட்டம் கீது, இது எங்க குத்தும்?" என்று முகம் சுளித்தார்.

இரண்டையும் சுட்டுக் காட்டினேன். கூர்த்தலை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ஓட்டை எங்கே முடிகிறது, கிழிசல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. தட்டைத்தலை பஞ்சிங் மெஷின் போட்டது போல வட்டமாக வெட்டியிருந்தது. இலக்கு வட்டத்தின் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சண்டையில்லாமல் புள்ளி போடலாம். காகிதத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, இரண்டு ஓட்டைகள் வழியாகவும் வெளிச்சத்தை ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கே அந்த வட்டத்துக்குள் நுழைந்து போய்விடலாம் போலிருந்தது. கடைசியில் கூர்த்தலை டப்பாவையே எடுத்துக்கொண்டார்.

"நீ சொல்றது கரீட்டு பாய். ஆனா பாக்க இதான் கெத்தா கீது."

தராசுக்காரர்

அணு ஆராய்ச்சியில் வேலை பார்க்கும் ஒருவர் சனிக்கிழமைதோறும் சின்னத் தராசோடு வருவார். ஒவ்வொரு குண்டையும் இடுக்கியால் எடுத்து நிறுத்து, நாலு டப்பாவில் பிரிப்பார். ஒரு முடியளவு எடை கூடினாலும் அது வேறு டப்பா. மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். நாங்கள் வியர்த்துக்கொண்டு, கனவில் நடப்பதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பிறகு சுடுவார். இலக்கில் அம்மை போட்டது போல ஓட்டைகள். துப்பாக்கி பழுது பார்க்கும் எங்கள் செல்வம், அவர் படியிறங்கும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான்:

"குண்ட எட போட்டு முடிச்சிட்டாரு பாய். கை ஆடிகினே கீதே, அத எதுல வெச்சி நிறுப்பாரு?"

துப்பாக்கியின் நாக்கு

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு நாக்கு உண்டு. ஒரே கம்பெனி, ஒரே தட்டைத்தலை, ஆனால் வேறு நாள் வார்த்த குண்டு என்றால் துப்பிவிடும். அதனால் துப்பாக்கியை இடுக்குப் பலகையில் அசையாமல் பூட்டி, ஒவ்வொரு வார்ப்பிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்ப்போம். ஐந்தும் ஒரே ஓட்டையில் போனால் அதுதான் பிடித்த சாப்பாடு.

ரேவதி கூடுவாஞ்சேரியிலிருந்து வருவாள். ஐ.டி. வேலை, இரண்டு குழந்தைகள், முப்பத்தாறு வயது. தேசியப் போட்டிக்குப் போக மாநிலப் போட்டியில் தகுதிப் புள்ளி எடுக்க வேண்டும். மூன்று வருடம் ஒன்று, இரண்டு புள்ளியில் விட்டாள். ஆபீசில் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, இந்த வருடத்தோடு துப்பாக்கியை மூட்டை கட்டுவதாக முடிவு. அவள் துப்பாக்கிக்குப் பிடித்த வார்ப்பு ஒன்றே ஒன்றுதான், எங்களிடம் மிஞ்சியது பாதி டப்பா. அதை மேல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"அண்ணா, உங்க ஜன்னல் மேல சத்தியமா இதை யாருக்கும் குடுத்துடாதீங்க."

டப்பா விழுந்த காலை

போட்டிக்கு முதல் நாள் காலை. அவள் வரப்போகிறாள் என்று ஸ்டூலில் ஏறி டப்பாவை எடுத்தேன். ஜன்னலில் தண்ணீர் வெள்ளியாக இருந்தது, ஒரு கொக்கு நின்றது. அதோடு நானும் நின்றுவிட்டேன். கையில் டப்பா இருந்தது மறந்துபோனது. சிமென்ட் தரையில் மூடி திறந்து குண்டெல்லாம் சிதறியது. ஓடிவந்த செல்வத்தின் பூட்ஸ் பாதியை மிதித்தது.

பாவாடை நசுங்கிய குண்டு நேராகப் போகாது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவும் தெரியாது. பொறுக்கிப் போட்டு மூடிக் கொடுத்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். வந்ததும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

ஷோகேஸ் கண்ணாடியைக் கழற்றி, ஒரு பக்கம் நோட்டு வைத்துச் சாய்த்தோம். நல்ல குண்டு தலை சிறுத்து பாவாடை பெருத்திருப்பதால் ஒரே அளவாக வளைந்து உருளும். நசுங்கியது தத்தித் தத்திப் போகும். ஒவ்வொன்றாக உருட்டினாள். ஈயம் கண்ணாடியில் உருளும் சின்னச் சத்தம், ஒரே வளைவு, திரும்பத் திரும்ப. பயமும் குற்ற உணர்ச்சியும் இருந்தும், வாழ்க்கையில் அவ்வளவு அழகான காலை ஒன்றை நான் பார்த்ததில்லை.

தேறியது எழுபத்தொன்று. கணக்கில் சேரும் குண்டு அறுபது. அதற்கு முன் கை பழக எல்லோரும் குறைந்தது முப்பது சுடுவார்கள், அவளுக்குப் பதினொன்று.

"எழுபத்தொண்ணும் எனக்கு முகம் தெரிஞ்ச ஆளுங்கண்ணா. போதும்."

மறுநாள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. எடுத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. போச்சு, நான்தான் கெடுத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு விக்கி விக்கிச் சொன்னாள், தகுதிப் புள்ளி சரியாக வந்துவிட்டது, ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. கவுன்டரில் தலை கவிழ்ந்து நானும் அழுதேன். செல்வம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

செய்தி பரவிவிட்டது. திங்கட்கிழமை முதல் ஆளாக ஒரு காலேஜ் மாணவி புத்தம் புது டப்பாவை வாங்கி, பிரிக்காமல் என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"அங்கிள், அந்த அக்காவுக்குப் போட்ட மாதிரியே இதையும் ஒரு தடவ கீழ போட்டுக் குடுங்க."

பத்து வருடம் குண்டின் வடிவத்தைப் பற்றி நான் பொறுமையாக எடுத்துச் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை, நான் கை தவறவிட்டதைத்தான் வரிசையில் நின்று கேட்கிறார்கள்.