ஏரிப் பலகையில் ஒரு கீறல்

ஏரியக்கா ஏரியை நேரில் பார்த்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. ஆனால் ஏரியை அச்சடிப்பது தினமும். தெருவில் எல்லோருக்கும் அவள் ஏரியக்காதான். தபால்காரர் ஒருமுறை உறையில் இருந்த அவளுடைய சொந்தப் பெயரைப் படித்துவிட்டு, "இது யாருங்க, புதுசா குடி வந்திருக்காங்களா?" என்று அண்ணியைக் கேட்டார்.

இருபத்தாறு வயதில் ஒரு கண்காட்சியில் ஜப்பானிய மரச்செதுக்குப் படங்களைப் பார்த்துவிட்டு மூன்று நாள் தூக்கமில்லாமல் திரிந்தவள், அதே வேகத்தில் ஊருக்கு வெளியே இருந்த ஏரியை வரைந்து வந்தாள். கீழே நாணல், ஓரமாக ஒரு படகு, எதிரே மலை. மற்றதெல்லாம் வெறும் வானமும் தண்ணீரும்.

"பாதிப் படம் காலியா கெடக்கே, அங்க ஒரு வீடு கீடு போடக் கூடாதா?" என்றாள் அண்ணி. அந்தக் காலியிடத்தைத்தான் பிறகு ஊர் உலகமெல்லாம் வாங்கிக்கொண்டு போனது.

அண்ணன் செதுக்குவார், தங்கை அச்சடிப்பாள். நிறத்துக்கு ஒரு பலகையாக மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றின் மூலையிலும் தாளின் முனை போய் உட்கார ஒரு சின்ன வெட்டு உண்டு. அதில் நூலளவு பிசகினால் படகு கரையேறிவிடும். கடைசியாக வரும் நீலப் பலகைதான் பாடாய்ப் படுத்தும். உச்சியில் அடர்ந்திருக்கும் வானம் கீழே வரவர வெளுக்க வேண்டும் என்றால், ஈரத் தூரிகையால் சாயத்தைப் பதமாகத் துடைத்துவிட வேண்டும், ஒவ்வொரு தாளுக்கும் முதலிலிருந்து. ஈரத் தாள் காய்ந்தால் சுருங்கி நிறம் விலகும் என்பதால் அறையில் மின்விசிறி கிடையாது. ஜன்னலும் திறப்பதில்லை. காற்று நுழையாத அறையில் வியர்க்க வியர்க்க அவள் அடித்துத் தரும் ஏரியைச் சுவரில் மாட்டியவர்கள், "பார்த்தாலே நிம்மதியா மூச்சு விட முடியுது" என்று கடிதம் எழுதுவார்கள். அவளுக்குச் சிரிப்பு வரும். சில நாள் அழுகை வரும்.

முதலில் பேசிக்கொண்டது இருநூறு பிரதி. அது முடிந்ததும் வழக்கப்படி பலகையின் குறுக்கே உளியால் ஒரு கீறல் போட்டுவிடுவது. கீறிவிட்டால் படம் முடிந்தது, இனி அதை யாரும் அடிக்க மாட்டார்கள். "கீறின பலகை செத்த பலகை" என்று அண்ணனே சொல்வார். அடுத்த படமும் தயாராக இருந்தது: மழையில் நனையும் பேருந்து நிலையம், ஒரே குடைக்குள் இடித்துக்கொண்டு நிற்கும் மூன்று பேர். அதை வரைந்து இழுப்பறையில் வைத்திருந்தாள். செதுக்க அண்ணன் கை வேண்டும். அவள் கைக்கு அந்த நுணுக்கம் வராது.

இருநூறு முடிந்தபோது, "கேட்டவங்களுக்கு இல்லைன்னு எப்படிம்மா சொல்றது? இன்னும் ஒரு அம்பது" என்றார் அண்ணன். ஐம்பது ஐந்நூறானது. பலகை தேய்ந்தபோது அதே ஏரியைப் புதுப் பலகையில் செதுக்கினார். மழைப் படத்தைப் பற்றிக் கேட்டால், "அதுதானே அடுத்தது" என்பார்.

பொய் சொல்கிற ஆள் இல்லை. சொல்லும்போது மனதார நம்பித்தான் சொல்வார், அதுதான் வம்பு. அயோக்கியனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வெளியேறலாம். கணவன் விட்டுப்போன தங்கையை ஒரு கேள்வி கேட்காமல் அழைத்து வந்து மாடியறையைக் கொடுத்த மனுஷனிடம் என்னவென்று சண்டை போடுவது? செக்குமாட்டுக்குக் கண்ணையாவது கட்டிவிடுவார்கள். இவள் கண்ணைத் திறந்துகொண்டே இருபத்து மூன்று வருடம் சுற்றினாள்.

போன மாதம் அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. "ஆறு மாசம் போனா உளி பிடிக்க முடியாது. செதுக்க வேண்டியதைச் செதுக்கிடுங்க" என்றார் வைத்தியர். அன்று சாப்பிடும்போது அண்ணி சொன்னாள்: "ஏரியையே இன்னொரு தடவை செதுக்கி வச்சிடுங்க. நம்ம காலம் வரைக்கும் ஓடும்."

அண்ணன் தலையாட்டினார். ஏரியக்கா பாதிச் சோற்றில் எழுந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் நான்கு நிறம் அடித்து முடித்த தாள்கள் நீலத்துக்காகக் காத்திருந்தன. அவள் நீலப் பலகையை எடுத்தாள். வானத்தின் உச்சியிலிருந்து தண்ணீர்வரை சாய்வாக ஒரே இழுப்பு. உளி நினைத்ததைவிடச் சுலபமாக இறங்கியது. பிறகு மழைப் படத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள். இறுகிக் கிடந்த ஜன்னலைச் சுத்தியலால் தட்டித் திறந்தாள். காற்று வந்தது. சின்னப் பெண்போல அதன்முன் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அண்ணன் மேலே வந்தவர் பலகையைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவரோ நடுங்கும் கையால் சாயத்தைத் தடவி, தாளை வைத்துத் தேய்த்து, உரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நீல வானத்திலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஏரிக்குள் இறங்கியது.

"இங்க வந்து பாரேன்" என்று அண்ணியைக் கூப்பிட்டார். "மழை பெய்ற மாதிரி இல்ல?"

"முன்னைக்கு இதுதான் நல்லா இருக்கு" என்றாள் அண்ணி.

"பக்கத்துல இன்னும் முப்பது நாப்பது கோடு இழுத்தா போதும். கை நடுங்கினாலும் பாதகமில்ல, மழைக் கோடு நடுங்கினாத்தான் அழகு." தங்கையைப் பார்த்துத் திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது. "இத்தனை வருஷமா மழைப் படம், மழைப் படம்னு கேட்டுட்டே இருந்தியேம்மா. கொடுத்துட்டேன் பார்."

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியிருந்தது. சொல்ல வேண்டியது நெஞ்சுவரை வந்தது. ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் நிற்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

காற்றில் பறந்து கீழே விழுந்திருந்த பேருந்து நிலையத்தை அண்ணி எடுத்து, தூசி தட்டி, பத்திரமாக இழுப்பறையில் வைத்து மூடினாள்.

"ஜன்னலைச் சாத்தும்மா, தாள் காயுது" என்றார் அண்ணன்.

சாத்தினாள்.